எழுதிக் கொடுக்காத வரி

உட்காருங்கள் சார். அந்த பெஞ்சு வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இங்கே வாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் தாடையில் இடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் இந்த அறையில் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. மயக்கம், படபடப்பு என்று ஏதாவது வந்தால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு வைகாசியிலிருந்தே எதுவும் வருவதில்லை. அதைச் சிஸ்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

இவன் ஏன் புத்தகம் படிப்பதுபோல் பேசுகிறான் என்று பார்க்கிறீர்கள். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. பேங்குக்கு மாற்றலாகி வந்தவரா? நினைத்தேன். இந்த ஊர்க்காரர் என்றால் என் குரலைக் கேட்டதும் ‘ஆரு?’ என்று கேட்டிருப்பீர்கள். என்னை யார் என்று கேட்பதில்லை சார், செத்தது யார் என்று.

என் பெயர் ஆறுமுகநயினார். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்கிறவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு வேறு ஆள் இருக்கிறார், கட்சிக் கூட்டத்துக்கு அவரவர் ஆள். எனக்கு உரியது துக்க அறிவிப்பு. இந்த ஊரில் யார் காலமானாலும் முதலில் பந்தலுக்குச் சொல்வார்கள், அடுத்து எனக்குச் சொல்வார்கள். ‘கீழரத வீதி, மறைந்த சங்கரபாண்டியன் அவர்களின் துணைவியாரும்...’ என்று தொடங்கி, ‘அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று முடிப்பேன். முப்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் இந்தப் பாஷைக்குப் பழகிவிட்டது. வீட்டிலும் இப்படித்தான். ‘பிரமு, உணவு தயாராகிவிட்டதா’ என்றால் என் மனைவி அடுப்படியிலிருந்து, “தயார் நிலையில் உள்ளது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிச்சுக்கிடுதேன்” என்பாள்.

அவள் பெயர் பிரமசக்தி. பிரமு.

என் தொழிலில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெயர் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தெருப் பெயரைச் சொல்லி, வீட்டு அடையாளத்தைச் சொல்லி, அப்புறம் ஒரு மூச்சு சும்மா இருக்க வேண்டும். அந்த ஒரு மூச்சில்தான் டிவியைக் குறைப்பார்கள், குழாயை அடைப்பார்கள், ஈரக் கையோடு வாசலுக்கு வருவார்கள். அப்புறம்தான் பெயர். மற்ற ஊர்களில் கடகடவென்று வாசித்துவிட்டுப் போவான், ஒருத்தர் காதிலும் விழாது. இங்கே அந்த நிறுத்தத்துக்கே ‘நயினார் மூச்சு’ என்று பெயர். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊர் வைத்த பெயர்.

போன பங்குனியில் சுகாதார ஆய்வாளர் ஜெபசிங் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கொரோனா வந்த முதல் வருஷம் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் ஊற்றிக்கொண்டு போனாரே, அவர்தான். நீங்கள் அப்போது இங்கே இல்லை. “அண்ணாச்சி, தடுப்பூசி வந்திருக்கு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எல்லாரும் போடணும். ஊருக்குள்ள நல்லாத் தெரிஞ்ச குரல் உங்க குரல்தான், நீங்கதான் சொல்லணும்” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம் செத்தவர்களுக்காகப் பேசிய வாய். முதல் தடவையாக உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு.

அவர் கொடுத்த வாசகம் சரியில்லை. ‘ஊசி போட்டுக்கொள்ளவும்’ என்று இருந்தது. நான் ‘தடுப்பூசி செலுத்திக்கொண்டு பயனடையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று மாற்றினேன். எந்தெந்தத் தெருவுக்கு எந்தெந்த நாள் என்பதையும் சேர்த்தேன். மறுநாள் காலையில் கிளம்பினேன்.

‘ஓர் முக்கிய அறிவிப்பு. நமதூர் கீழரத வீதி, பெருமாள் கோவில் தெரு, சாலியர் தெரு, வாய்க்கால்பாலம் தெரு...’

நிறுத்தினேன். பழக்கம் சார். அந்த இடத்தில் மூச்சு தானாக நிற்கும்.

கதவெல்லாம் திறந்தது. ஈரக் கையோடு வந்தார்கள். “ஆரு? ஆரு?” என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். “நாலு தெருவுலயுமா?” என்றது ஒரு குரல். நான் அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் சாலியர் தெருவில் ஒரு வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்காக அழுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்புறம் நான் தடுப்பூசி என்றதும் கதவெல்லாம் சாத்தியது. திறந்ததைவிட வேகமாக.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. “ஊசி போடப்போற தெருவையெல்லாம் நயினார் வரிசையா வாசிச்சிட்டாரு. இனி பேரு வாசிக்கிறது ஒண்ணுதான் பாக்கி.” இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். முதல் நாள் சிஸ்டர் ஐஸ் பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டதாகக் கேள்வி. அந்தச் சிஸ்டர்தான், இப்போது உங்களுக்குப் போட்டார்களே, அவர்களேதான்.

இதில் என் தவறு என்ன சொல்லுங்கள். வாசகத்தில் பிழை இல்லை. உச்சரிப்பில் பிழை இல்லை. கேட்பவர்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை என்றால் அறிவிப்பாளன் என்ன செய்வான்?

ஜெபசிங் மறுபடி வந்தார். வாசலில் நின்றுகொண்டு இழுத்தார். “அண்ணாச்சி... தப்பா எடுத்துக்கிடாதீங்க...” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல் நின்றேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையிலிருந்து ஒரு சத்தம். “மாவேய்... மாவு!”

பிரமு தோசைமாவு விற்கிறவள். சாயங்காலம் தள்ளுவண்டியில் இரண்டு அண்டாவை வைத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வருவாள். மைக் கிடையாது ஒன்றும் கிடையாது. அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு, அவ்வளவுதான். அதில் இலக்கணம் எங்கே இருக்கிறது? ‘மாவு’ என்ற சொல்லில் ‘ஏ’ எங்கிருந்து வந்தது? ஆனாலும் தெருவே தூக்குவாளியோடு வெளியே வரும். அன்றும் வந்தது. “எக்கா, நேத்து மாவு புளிக்கலியே” என்று ஒருத்தி. “உன் வீட்டுக்காரன் மூஞ்சியைப் பக்கத்துல வச்சிருந்தா புளிச்சிருக்கும்” என்றாள் பிரமு. தெருவே சிரித்தது. காலையில் என் குரலுக்குக் கதவைச் சாத்திய அதே தெரு.

ஜெபசிங் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

பதிவு எங்கள் அடுப்படியில் நடந்தது. ஒரு கைப்பேசியில். என் ஆம்ப்ளிபயரும் மைக்கும் பக்கத்து அறையில் சும்மா கிடக்கின்றன. அவளுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அந்தத் தாளைக் கிரைண்டர்மேல் வைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பேசினாள். “எக்கா, எண்ணே, சித்தி, பெரியம்மா, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. கொரோனா ஊசி போடுதாக. எறும்பு கடிச்சமாரிதான் இருக்கும். நானே போட்டுக்கிட்டேன், எனக்கு ஒண்ணும் செய்யல...”

நான் குறுக்கிட்டேன். நீ இன்னும் செலுத்திக்கொள்ளவில்லையே என்றேன். மைக்கில் பொய் சொல்லக்கூடாது சார். நான் பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு அறிவிப்பும் செய்ததில்லை. ஜெபசிங், “நாளைக்குப் போடத்தானே போறாக அண்ணாச்சி. அவுக சொன்னாத்தான் சனம் நம்பும்” என்றார். பிரமுவும், “நாளைக்குக் காலையிலயே போறோம்” என்றாள். போறேன் என்று சொல்லவில்லை, போறோம் என்றாள். பன்மை. ஒருமை பன்மை எல்லாம் அவளுக்கு அவ்வளவுதான்.

கடைசியில் தாளில் இல்லாத ஒரு வரியை வேறு சேர்த்தாள். அதை அப்புறம் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது கைப்பேசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் பழக்கம் இல்லாதவர்கள் அப்படித்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிரில் இருப்பவரைப் பார்ப்பார்கள்.

அந்தப் பதிவைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியது யார் தெரியுமா? நான்தான். ஆட்டோ என்னுடையது, ஒலிபெருக்கிக் குழாய் என்னுடையது. உள்ளே இருக்கும் குரல் மட்டும் என்னுடையது இல்லை. முதல் நாள் பாதிப் பேர் தூக்குவாளியோடு வந்தார்கள். காலையிலேயே மாவா என்று. அப்புறம் சிரித்துக்கொண்டே வாளியை வைத்துவிட்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். டீக்கடைப் பக்கம் திரும்பினால் போதும், “என்ன நயினாரே, வீட்டுலயும் அவுக சத்தம், ரோட்டுலயும் அவுக சத்தம். உமக்கு எப்பவே விடுமுறை?” என்பான் கடைக்காரன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்ப்பேன்.

முகாம் நிறைந்தது. சிஸ்டருக்குச் சாப்பிட நேரம் இல்லை. பிரமு மாவு வேலையை முடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். பயந்து திரும்புகிறவர்களைப் பிடித்து இழுத்து வருவாள். ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறவர்களோடு தானும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஊரடங்கில் சமைக்க முடியாமல் காய்ச்சலாகக் கிடந்த வீடுகளுக்குத் தோசை சுட்டுத் தூக்குவாளியில் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நிற்பாள். ‘மாவேய்’ என்று மெதுவாகச் சொல்வாள். யார் வைத்தது என்று தெரிய வேண்டுமல்லவா.

ஆனால் அவள் மட்டும் ஊசி போடவில்லை.

அதுதான் சார். வாசலில் நிற்கிறாள், ஊருக்கே போட வைக்கிறாள், அவள் போடவில்லை. சிஸ்டர் தினமும் கேட்பார்களாம். “எங்க வீட்டுக்காரர் வரட்டும் சிஸ்டர், ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கிடுதோம்” என்பாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம், “இன்னைக்குக் கூட்டம் கம்மி, வாங்க போவோம்” என்பாள். மறுநாள், “சட்டை எடுத்து வச்சிருக்கேன், வாங்க” என்பாள். ஒரு நாள் ஆட்டோ சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

நான் போகவில்லை. என் நிலைமையைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஊரையே அழைக்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். என்னை நீக்கிவிட்டு, ‘எக்கா எண்ணே’ என்று கூப்பிட்டால் நான் வரிசையில் போய் நிற்பதா? என்னை யாராவது முறைப்படி அழைத்தார்களா? ஜெபசிங் ஒரு வார்த்தை சொன்னாரா? ‘அறிவிப்பாளர் அவர்களே, தாங்கள் வருகை தர வேண்டும்’ என்று ஒரு வார்த்தை. அழைக்கட்டும், வருகிறேன் என்று பிரமுவிடம் சொன்னேன். “நான் அழைக்கேன்ல” என்றாள். நீ அழைப்பது அழைப்பில் சேராது என்றேன். “அப்ப நானும் போடல” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவளுக்கு ஊசி என்றால் பயம் சார். அதனால்தான் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அதை வெளியே சொல்ல முடியாமல் இப்படிச் சுற்றி வளைத்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன காரணம் இருக்கும்? முன்னே ஒரு தடவை வெறிநாய் கடித்தபோது அத்தனை ஊசியையும் தனியாகவே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள், ஒரு நாள்கூட மாவு வண்டி நிற்கவில்லை. ஆனால் அது வயசுக் காலம். வயசானால் பயம் வந்துவிடும்.

சித்திரை கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் அண்டாவைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “இங்க வாங்க. மாவு புளிச்சிருக்கா பாருங்க. எனக்கு வாசமே தெரியல” என்றாள். நான் முகர்ந்து பார்த்து, நன்றாகப் புளித்துவிட்டது என்றேன். அவள் அண்டாவை மூடினாள். தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். “என் பக்கம் வராதீங்க” என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. நன்றாகப் புளித்த மாவை வைத்துக்கொண்டு ஏன் விற்கப் போகவில்லை என்று.

அப்புறம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, அப்புறம் இடம் கிடைத்தது. என்னை உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த எல்லாருடைய குரலும் ஒரே மாதிரி இருந்தது. அதைத்தான் கவனித்தேன், தொழில் புத்தி. எனக்கும் காய்ச்சல் வந்து போனது. சாதாரணக் காய்ச்சல்.

கடைசியாக ஒரு நர்சு கைப்பேசியில் அவளைப் பேச வைத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் கவசம். மூச்சுச் சத்தம்தான் அதிகம். ‘போ...’ என்று தொடங்கும் ஒரு சொல்லை இரண்டு தடவை சொன்னாள். போங்க என்றாளா, போதும் என்றாளா, போட்டுக்கிடுங்க என்றாளா தெரியவில்லை. உச்சரிப்பு தெளிவாக இல்லை. தெளிவாகச் சொல், பிரமு என்றேன். இணைப்பு போய்விட்டது.

சுடுகாட்டுக்கு நான்கு பேர் போனோம். மைக் வேண்டாம், கூட்டம் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் அறிவித்தவன் நான், அவளுக்கு அறிவிப்பு இல்லை. விதிமுறை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். அண்டாவில் மாவு பொங்கி வழிந்து தரையில் காய்ந்துபோயிருந்தது. தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் குடிக்கிறீர்களா சார்? வேண்டாமா? சரி.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் போன சேதி எப்படியும் பரவும் அல்லவா, பரவியது. கூடவே இன்னொன்றும் பரவியது. “பிரமு ஊசி போட்டாள்ல, அவளே சொன்னாள்ல. போட்டவளே போயிட்டா.” ஊருக்குத் தெரிந்த ஒரே சாட்சி அவள் குரல்தானே. ‘நானே போட்டுக்கிட்டேன், எனக்கு ஒண்ணும் செய்யல’ என்று தெருத்தெருவாக அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாளே. முகாம் மறுபடி காலி. முதல் ஊசி போட்டவர்கள் இரண்டாவதுக்கு வரவில்லை. போடாதவர்கள் தப்பித்தோம் என்றார்கள். எங்கள் எதிர் வீட்டுச் செம்பகம் முதல் ஊசி போட்டவள், தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு அழுகிறாள் என்றார்கள். தெருவுக்கு ஒரு சாவு விழுந்துகொண்டிருந்த நேரம் சார் அது.

ஜெபசிங் வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார், அந்த வெள்ளைத் தடத்துக்குப் பக்கத்தில். “அண்ணாச்சி, கேக்கதுக்கு நாக்கு வரல. ஆனா நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். மைனி ஊசி போடலங்கிறதை ஊருக்குச் சொல்லணும். ஒருத்தர் செத்துட்டாகன்னு நீங்க சொன்னா ஊரு நம்பும். போடலன்னு சொன்னாலும் நம்பும்” என்றார்.

எனக்கு மைக் திரும்பி வந்தது. பார்த்தீர்களா. கடைசியில் என் குரல்தான் வேண்டியிருந்தது. இதை நான் பிரமுவிடம் சொல்ல வேண்டும் என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஆட்டோவை எடுத்தேன். மைக்கைப் பிடித்தேன். எங்கள் தெருவிலிருந்தே தொடங்கினேன்.

‘ஓர் முக்கிய அறிவிப்பு. நமதூர் வாய்க்கால்பாலம் தெரு, அறிவிப்பாளர் ஆறுமுகநயினார் அவர்களின் துணைவியார்...’

மூச்சு நின்றது.

கதவுகள் திறந்தன. ஈரக் கையோடு வந்தார்கள். யாரும் ‘ஆரு’ என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். சில பேர் கையில் தூக்குவாளி வைத்திருந்தார்கள் சார், காலி வாளி. எதற்கு எடுத்து வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கை பழக்கமாக இருக்கும்.

‘...பிரமசக்தி அவர்கள் தடுப்பூசி செலுத்திக்கொள்ளவில்லை என்பதையும், அதன் காரணமாகவே அன்னார் நோயுற நேர்ந்தது என்பதையும் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

நல்ல வாசகம். நானே எழுதியது. ஆழ்ந்த வருத்தத்துடன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். சுகாதார அறிவிப்பில் அது வரக்கூடாது.

செம்பகம் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தாள். “மைனி ஏன் அண்ணாச்சி போடல?” என்று கேட்டாள். மைக் அணைக்காமல் இருந்தது, அவள் கேட்டதும் குழாயில் போனது. தெரு முழுக்கப் போனது.

ஊசி என்றால் அவளுக்குப் பயம் என்றேன்.

“மைனிக்கா?” என்றாள் செம்பகம். “நாய் கடிச்சதுக்கு ஊசி போட்டுட்டு வந்து அன்னைக்கே எனக்கு மாவு ஊத்துனவளுக்கா?”

வாசகத்தில் அதற்குமேல் இல்லை. தெருவில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். யாரும் திட்டவில்லை. செம்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஆட்டோவை அடுத்த தெருவுக்கு விட்டேன். அங்கேயும் ஒருத்தி அதையே கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். அவளும் அப்படியே பார்த்தாள். ஊரில் இத்தனை பெண்களுக்கு ஒரே மாதிரிப் பார்வை எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆனால் அறிவிப்பு வேலை செய்தது. வந்துவிட்டார்கள். இதோ பாருங்கள், நமக்கு உட்கார இந்த இரண்டாம் வகுப்பு பெஞ்சுதான் மிச்சம்.

அப்புறம் ஜெபசிங் ஒரு யோசனை சொன்னார். பிரமு பதிவை நிறுத்த வேண்டாம், முதலில் என் அறிவிப்பு, அதைத் தொடர்ந்து அவள் பதிவு என்று. நான் சரி என்றேன். பொய்யான அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள் என்றேன். நீக்கிவிட்டார்கள். அவருக்கு ஒட்டுப்போடத் தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவுக்குச் சத்தமே இருக்காது. அப்புறம்தான் அவள் தாளில் இல்லாமல் சேர்த்தாளே, அந்த வரி வரும். அதையும் நீக்குங்கள் என்றேன். ஜெபசிங் என்னைப் பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும் அண்ணாச்சி” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

நான் இன்றைக்கு ஏன் வந்தேன் என்கிறீர்களா? நானாக வரவில்லை சார். காலையில் ஆட்டோவைப் பேரூராட்சி ஓட்டுநர் எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெருவில் பதிவு ஓடிக்கொண்டே போனது. அது எங்கள் வாசலைத் தாண்டியதும் செம்பகம் உள்ளே வந்தாள். பின்னாலேயே சாலியர் தெருப் பெண்கள் இரண்டு பேர். “எந்திரிங்க அண்ணாச்சி” என்றாள். எதற்கு என்றேன். கையைப் பிடித்தாள். இத்தனை வருஷம் எதிர் வீடு, ஒரு நாள் என் கையைத் தொட்டதில்லை. அப்படியே பிடித்துத் தெருவழியாகக் கூட்டி வந்தாள். ஒருத்தி முன்னால் போய் வழி விடச் சொல்கிறாள். ஒருத்தி குடை பிடிக்கிறாள், ஆடிச் சாரலுக்கு. வரிசையில் நிற்க விடவில்லை, நேராகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஊசி போடும்போது செம்பகம் கையை விடவேயில்லை. சிஸ்டர், “வந்துட்டாகளா” என்று மட்டும் கேட்டார்கள். இந்தப் பெண்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி அழைக்கவும் இல்லை.

இருங்கள். கேட்கிறதா? ஆட்டோ திரும்பி வருகிறது. முதலில் நான். ‘...செலுத்திக்கொள்ளவில்லை என்பதையும்...’ எப்படி இருக்கிறது? ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரிகிறதா? இனி அவள். ‘எக்கா, எண்ணே’... பாருங்கள், ‘ஊசி போடுதாக’ என்கிறாள். போடுகிறார்கள் என்றல்லவா இருக்க வேண்டும். சொன்னால் கேட்கவில்லை. ‘எறும்பு கடிச்சமாரிதான் இருக்கும்’... அது சரி, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

இதோ, வெட்டிய இடம். சத்தம் இல்லை பாருங்கள். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வரும்.

‘வீட்டுல வீம்பு புடிச்சு உக்காந்திருக்க ஆளு இருந்தா, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க எக்கா. பாவம், ராசா மாரி நெனப்பு. யாராவது வந்து கூப்புடுவாகளான்னு பாத்துக்கிட்டே இருக்கும்.’

இதுதான் சார் அந்த வரி. வீம்பு என்கிற சொல்லை எல்லாம் மைக்கில் சொல்லலாமா? யாரை நினைத்துச் சொன்னாளோ. கேட்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், விட்டுவிட்டேன்.

நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது. கதவருகே நிற்கிறாளே, அவள்தான் செம்பகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். பாருங்கள், மறுபடியும் கையைப் பிடிக்கத்தான் வருகிறாள்.